கேட்ட விலை

என்னிடம் உள்ள ஒரு பழுப்புக் காகித உறையின் மேல்மூலையில் பென்சிலால் இப்படி எழுதியிருக்கிறது: ‘கோட்டைப்பட்டினம். எட்டணா. வச்சிருக்கு. 1951 ஆவணி.’

உறைக்குள் ஓர் இசைத்தட்டு. ஒரு பக்கத்தில் மட்டும் பாட்டு. மறுபக்கம் கறுப்புக் கண்ணாடிபோல் வெறுமை. இசைத்தட்டுகள் வந்த புதிதில் அப்படித்தான் வந்தன என்று படித்திருக்கிறேன். பழைய தட்டுகளைச் சேகரிப்பவர்கள் எப்படியோ விலாசம் தெரிந்துகொண்டு வந்துவிடுகிறார்கள். சென்ற மாதம் வந்தவர் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “எட்டணான்னு போட்டிருக்கே சார்!” என்று சிரித்தார். அவர் தர முன்வந்த தொகைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். “அதற்கு விலை சொல்லியாயிற்று” என்றேன். அந்த விலையை நான் சொல்லவில்லை. சொன்னவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருடைய கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு. கிராமபோன் ஊசி, கைச்சாவி, ஸ்பிரிங் எல்லாம் வைத்திருப்பார். ஆனால் கடை பழைய தட்டுகளுக்குத்தான் பேர்போனது. திருமயம் பக்கத்து ஊர்களில், ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போய்வந்தவர்களின் பெரிய வீடுகளிலிருந்து சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்த காலம் அது. அவர் சைக்கிளில் போய், கேரியரில் சாக்கை நான்காக மடித்துப் போட்டு, தட்டுகளை அதன்மேல் கட்டிக் கொண்டுவருவார். பள்ளம் வந்தால் இறங்கி உருட்டுவார். அந்தச் சைக்கிளை யாருக்கும் இரவல் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஒல்லியான ஆள். காதில் பென்சில். தட்டைக் கையில் எடுத்தால் வாசல் வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோடுகளின் மேலாகப் பார்ப்பார். விலை முடிவாகும்வரை அதைப் பாடவைக்க மாட்டார்.

“பாடவச்சா எனக்குப் புடிச்சுப்போகும் தம்பி. புடிச்சுப்போனா வெல கூடச் சொல்லிருவேன். வாங்குறவுகளுக்கு அது அநியாயம்ல?”

யாராவது விலை கேட்டால் உடனே சொல்லிவிடவும் மாட்டார். முதலில் அவர் ஒரு கேள்வி கேட்பார்: “முந்தி கேட்டிருக்கீங்களா?”

புதிதாக வந்தவர்கள், பாட்டைப் பற்றி விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். “கேட்டிருக்கேங்க, எங்க மாமா வீட்ல” என்பார் ஒருவர். “ஆலங்குடியில ஒரு கல்யாணத்துல மைக்செட்டுல போட்டாக” என்பார் இன்னொருவர். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பல்லவியைப் பாடியே காட்டினார். எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, “பாட்ட இல்லங்க. எங்கிட்ட வெல கேட்டிருக்கீங்களான்னேன்” என்பார்.

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. ஒரு தட்டுக்கு ஒருவரிடம் அவர் ஒரு தடவை விலை சொல்லிவிட்டால், அந்த ஆளுக்கு அந்தத் தட்டு என்றைக்கும் அந்த விலைதான். ஊரில் விலை ஏறினாலும் அதுதான்; இறங்கினாலும் அதுதான். யாருக்கு என்ன விலை என்று உறையின் மூலையில் பென்சிலால் குறித்தும் வைப்பார்.

இறங்கியதில் அகப்பட்டவர்களில் நானும் ஒருவன். 1949-ல் எனக்குத் தாலுகா ஆபீசில் வேலை கிடைத்த புதிதில் ஒரு பிடில் தட்டுக்கு விலை கேட்டேன். இரண்டு ரூபாய் என்றார். கையில் இல்லை, வந்துவிட்டேன். நான்கு வருஷம் கழித்துப் போனபோது அந்தத் தட்டு அங்கேயே இருந்தது. அதற்குள் பல வீடுகளில் ரேடியோ வந்துவிட்டது. அதே மாதிரித் தட்டுகளை அவர் மற்றவர்களுக்கு நாலணாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“ஒங்களுக்கு ரெண்டு ரூபா தம்பி.”

“என்ன அண்ணே இது! இப்ப போனாரே அவருக்கு நாலணாதானே வாங்குனீங்க?”

“அவரு இன்னிக்குக் கேட்டாரு. நீங்க அன்னிக்கே கேட்டுட்டீங்களே!”

அவர் முகத்தில் என்மேல் உண்மையான இரக்கம் தெரிந்தது. கடைசியில் இரண்டு ரூபாயைக் கொடுத்துத்தான் வாங்கினேன். ஆபீசில் ஒரு வாரம் என்னை ‘ரெண்டு ரூவா’ என்றே கூப்பிட்டார்கள்.

தன் சொல்லில் அவரே அகப்பட்டதும் உண்டு. சமஸ்தானம் இருந்த நாளில் வெற்றிலைக்காரர் ஒருவர் ஓரம் உடைந்த தட்டு ஒன்றைக் காட்டி விலை கேட்டிருக்கிறார். இவர் முப்பது அம்மன் காசு என்று சொல்லியிருக்கிறார். அணாவுக்கு இருபது காசு என்பது அந்நாள் கணக்கு. 1948 மார்ச்சில் சமஸ்தானம் சேர்ந்துபோயிற்று; அம்மன் காசும் செல்லாமல் போயிற்று. இரண்டு வருஷம் கழித்து வெற்றிலைக்காரர் ஒரு சுருக்குப் பையோடு வந்தார். வேடிக்கை பார்க்கலாம் என்று பின்னாலேயே நாலு பேர். பையை அவிழ்த்து மேஜைமேல் கொட்டினார்.

“நீங்க சொன்ன வெலதான். எண்ணிக்குங்க.”

கடைக்காரர் எண்ணினார். ஒன்று அதிகம் இருந்தது; அதைத் திருப்பிக் கொடுத்தார். தட்டை உறையில் போட்டு நீட்டினார்.

வெற்றிலைக்காரருக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. “என்னங்க இது, சமஸ்தானமே போயிருச்சு, ஒங்க வெல மட்டும் போகலையா?”

“சமஸ்தானமா வெல சொல்லுச்சு? நான்ல சொன்னேன்.”

பின்னால் இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: “இந்த வெலயெல்லாம் பேப்பர்ல எழுதுனாப் பத்தாது. குடுமியான்மல கல்வெட்டுக்குப் பக்கத்துல வெட்டி வைக்கச் சொல்லுங்க.”

அந்த அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் இருந்த உறைகள் பெரும்பாலும் அவர் செய்தவை. சிமெண்டு மூட்டைத் தாளை உதறி, மடித்து, மைதாப் பசை போட்டு ஒட்டுவார். நடுவில் வட்டமாக வெட்டுவதற்கு ஒரு வெண்கல டம்ளரை வைத்துக் கோடு போடுவார். கடைக்குள் வரமாட்டார், ஆனால் கடையில் பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் இருக்கும். புருஷனுடைய வழக்கத்தால் நஷ்டப்பட்டது அவர்தான் என்பதால், அதைப் பேசும் உரிமையும் தனக்குத்தான் என்று நினைத்தார். மற்றவர்கள் கேலி செய்தால் அவருக்குப் பிடிக்காது. ஒரு மைக்செட்காரர், தட்டு விலை சரிந்து கிடந்த சமயம் பார்த்து, கடையிலிருந்த அத்தனை தட்டுக்கும் வரிசையாக விலை கேட்க ஆரம்பித்தார். இப்போது கேட்டுவைத்தால் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாமே என்ற எண்ணம். இவரும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே வந்தார். பத்தாவது தட்டில் கதவு திறந்தது.

“அண்ணே, கடையில எனக்கும் ஒரு வெல கேட்டு வச்சுக்கிருங்க. பின்னாடி ஏறுனாலும் ஏறும்.”

மைக்செட்காரர் அப்போதே எழுந்து போய்விட்டார்.

இனி அந்த ஒற்றைப் பக்கத் தட்டு. அது கடைக்கு வந்தது 1951-ல். பாடியவர் பெயர் இருந்த நடுத்தாள் தேய்ந்துபோயிருந்தது; பெண் குரல் என்பது மட்டும்தான் தெரியும். அந்நாளில் எங்கள் ஊரில் ஒற்றைப் பக்கத் தட்டை யாரும் மதிக்க மாட்டார்கள். ஒரு பக்கம்தானே பாடுகிறது, பாதி விலைதானே நியாயம் என்பது எல்லோருக்கும் பொதுவான தீர்ப்பு. கடைக்காரரும் அப்படித்தான் நினைத்தார். இரண்டு பக்கமும் பாடும் பழந்தட்டு ஒரு ரூபாய் என்றால் இது எட்டணா. அதிலேதான் பின்னால் வந்த கஷ்டம் அத்தனையும் ஆரம்பம்.

ஆவணி மாதம் கோட்டைப்பட்டினத்துக்காரர் ஒருவர் கடைக்கு வந்திருக்கிறார். அன்றைக்கு நான் அங்கே இல்லை. இது கடைக்காரர் பலமுறை சொல்லக் கேட்டது. வந்தவர் வேறெங்கோ ஒரு புது அரிக்கேன் விளக்கு வாங்கிக் கையில் வைத்திருந்தார். தட்டை எடுத்து நெடுநேரம் பார்த்தார். விலை கேட்டார். எட்டணா என்றதும் மடியைத் தடவிப் பார்த்துவிட்டு, “லைட்டுல போயிருச்சுங்க. வச்சிருங்க, வாரேன்” என்றார். இவர் “வச்சிருக்கேன்” என்றார்.

இதை விளக்க வேண்டும். வெறுமனே விலை சொன்னால் விலைதான் மாறாது. தட்டை வேறு யாருக்கும் விற்கலாம். ‘வச்சிருக்கேன்’ என்று சொல்லிவிட்டால் தட்டும் வேறு கைக்கு மாறாது. அந்தச் சொல்லை அவர் லேசில் சொல்ல மாட்டார். நான் இரண்டு மூன்று தடவை ‘வச்சிருங்க’ என்று கேட்டு, “பாப்போம்” என்ற பதிலோடு திரும்பியிருக்கிறேன். இவருக்கு மட்டும் ஏன் சொன்னார் என்று கேட்டேன்.

“தட்ட ரெண்டு கையாலயும் புடிச்சாரு தம்பி. அதுக்கு லைட்ட கீழ வச்சாரு. புது லைட்ட மண்ணுல வைக்க யாருக்கு மனசு வரும்?”

முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் நினைவில்லை. விளக்குதான் நினைவிருந்தது.

பதினோரு வருஷம் அந்தத் தட்டு தனியாக ஒரு மரப்பலகையின்மேல் நின்றது. அதற்குள் கடை நொடித்துவிட்டது. 1962-ல் கட்டிடக்காரர், இடத்தை ரேடியோக் கடைக்கு விடப்போவதாகவும், இவரே விலைக்கு வாங்கிக்கொள்வதானால் தை மாதம்வரை பொறுப்பதாகவும் சொல்லியிருந்தார். கடை போனால் பின்னால் இருந்த வீடும் போகும். அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து ஒருவர் காரில் வந்து இறங்கினார். பழைய தட்டு சேகரிப்பவர், நல்ல மனிதர். ஒருநாள் முழுக்க உட்கார்ந்து தட்டுகளைப் பார்த்தார். மரப்பலகைக்கு வந்ததும் எழுந்து நின்றுவிட்டார். ஒற்றைப் பக்கத் தட்டு முன்னூறு ரூபாய். அதோடு சேர்த்துக் கடையிலிருக்கும் சரக்கு அத்தனையையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அந்தப் பணத்தில் கட்டிடத்தை வாங்கியிருக்கலாம். நான் அப்போது அங்கே இருந்தேன்.

“அது சொல்லியாச்சுங்க” என்றார் கடைக்காரர்.

“யாருக்கு?”

“கோட்டப்பட்டினத்துக்காரருக்கு.”

“எப்ப வர்றார்?”

“வரணும்.”

“எப்பச் சொன்னீங்க?”

“அது ஆச்சு, பதினோரு வருசம்.”

சென்னைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். “அது இல்லாட்டி மத்ததை எடுத்துட்டுப் போய் நான் என்ன பண்றது?” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கதவுக்குப் பின்னாலிருந்து அன்றைக்கு ஒரு சத்தமும் வரவில்லை. அது எனக்கு நல்லதாகப் படவில்லை.

முன்னூறு ரூபாய்த் தட்டு என்ற பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது வயதிருக்கும், குடை வைத்திருந்த ஒருவர் படியேறி வந்தார்.

“கோட்டப்பட்டினத்துலருந்து வாரேன். இங்க ஒத்தப் பக்கப் பிளேட்டு ஒன்னு இருக்காம்ல?”

கடைக்காரர் எழுந்துவிட்டார். காதிலிருந்த பென்சில் விழுந்தது, எடுக்கவில்லை.

“முந்தி கேட்டிருக்கீங்களா?”

“கேட்டிருக்கேங்க.”

அவ்வளவுதான். அவர் தட்டை இறக்கி, உறையிலிருந்து எடுத்து, தன் துண்டால் ஒரு தடவை துடைத்து, புதிய உறை ஒன்றில் போட்டுக் கொடுத்தார். எழுத்துள்ள பழைய உறையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். விற்றதும் அதன்மேல் ஒரு கோடு இழுத்து மூட்டையில் போடுவது வழக்கம்.

“எவ்வளவுங்க?” என்றார் வந்தவர்.

“எட்டணாத்தான். சொன்னதுதான?”

வந்தவர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு ஐம்பது நயா பைசாவை மேஜைமேல் வைத்துவிட்டு, குடையை மறந்துவிட்டுப் போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

கடைக்காரர் உட்கார்ந்தார். அவ்வளவு நிம்மதியாக ஒரு மனிதர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. “பாத்தீங்களா தம்பி, வந்துட்டாரு” என்றார். கதவு திறந்தது. அக்கா கையில் பசையோடு வந்து நின்றார்.

“என்னங்க, வந்தவரு எதக் கேட்டிருக்கேன்னாரு?”

“என்ன எதக் கேட்டாரு?”

“வெலயக் கேட்டிருக்கேன்னாரா, பாட்டக் கேட்டிருக்கேன்னாரா?”

வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ‘பாட்ட இல்லங்க’ என்று விளக்கம் சொன்னவர், இந்த ஒருவரிடம் மட்டும் சொல்லவில்லை. எழுந்து தெருவுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் அறந்தாங்கி பஸ் போய்விட்டிருந்தது.

திரும்பி வந்து பென்சிலைத் தேடி எடுத்தார். பழைய உறையை மடியில் வைத்துக்கொண்டார். கோடு இழுக்கவில்லை.

“அவராவும் இருக்கலாம்ல?” என்றேன்.

“இருக்கலாம்.”

“அப்புறம் என்ன அண்ணே?”

“இல்லாமலும் இருக்கலாம்ல? இன்னொருத்தரு வந்து நின்னா, நான் என்ன சொல்றது?”

தை மாதம் கடை காலியாயிற்று. ஊருக்கு வெளியே ஓட்டு வீடு ஒன்றில் குடியேறினார்கள். சரக்கு முழுவதையும் எடைக்குப் போட்டார். எடைக்கு வாங்கியவர் முன்பு விலை கேட்டவரா என்று விசாரிக்க அவருக்கு அன்று தெம்பில்லை. அதன்பிறகு அவர் தேடியதெல்லாம் அதே தட்டின் இன்னொரு பிரதியைத்தான், கேட்டுவைத்தவர் வந்து நின்றால் கொடுக்க. எந்த ஊரில் பழைய சாமான் பெட்டி பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். ஆனால் காலம் மாறிவிட்டது. எட்டணாத் தட்டு முன்னூறு ரூபாய் போன கதை வீட்டுக்கு வீடு தெரிந்திருந்தது. உடைந்த தட்டைக்கூடப் பட்டுத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, “பட்டணத்துல கேட்டுச் சொல்றோம்” என்றார்கள். முன்பு வண்டியேற்றி அனுப்பியவர்கள்தான் அவர்கள். விலையை ஏற்றிவிட்டது அவர் விற்காமல் வைத்திருந்ததுதான் என்று நான் ஒருநாள் சொன்னேன். அதை அவர் ரசிக்கவில்லை.

1966 பங்குனியில் நான் அவர் வீட்டில் இருந்தபோது, சைக்கிளில் போனவர் நடந்து வந்தார். கையில் துண்டில் சுற்றிய தட்டு. அதே ஒற்றைப் பக்கம். நடுவில் கீறியிருந்த எண்ணைச் சரிபார்த்தேன், அவர் முன்பே மனப்பாடமாகச் சொல்லியிருந்த அதே எண்.

அக்கா வாசலை எட்டிப் பார்த்தார். “சைக்கிளு எங்க?”

அவர் துண்டை அவிழ்த்துக் காட்டினார்.

“சைக்கிளக் குடுத்துட்டா இத வாங்குனீங்க?”

“ம்.”

“இத என்ன வெலைக்கு விக்கப் போறீக?”

“எட்டணாவுக்கு” என்றார். பிறகு, அக்காவுக்குத் தெரியாதோ என்பதுபோல், “சொல்லியாச்சுல்ல” என்றார்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். சிரித்தாரா அழுதாரா என்று நான் எழுதினால் அது ஊகமாகத்தான் இருக்கும். இரண்டு சத்தமும் கேட்டது. தட்டு கோடு இழுக்காத பழைய உறைக்குள் போயிற்று.

அவர் 1968 ஐப்பசியில் காலமானார். முப்பதாம் நாள் காரியம் கழிந்து அக்கா எனக்கு ஆளனுப்பினார். போனபோது இந்த உறையை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

“இந்தத் தொல்லைய நீங்க கொண்டுபோங்க தம்பி.”

“நீங்களே வச்சிருங்க அக்கா. அவருடைய ஞாபகமா…”

“எங்கிட்ட இருந்தா நான் வித்துப்புடுவேன். சத்தியமா வித்துருவேன். அரிசிக்காரன் வந்து நின்னா அன்னிக்கே வித்துருவேன். அதான் ஒங்கள்ட்ட குடுக்குறேன். யாராச்சும் வந்து கேட்டா, எதக் கேட்டிருக்கீங்கன்னு ஒழுங்கா விசாரிச்சுக் குடுங்க. இவுக மாதிரி அவசரப்படாதீக.”

கடைக்காரர் எழுதிவைத்த சொல்லை நான் சரிபார்க்காமல் விட்டேன் என்று இருக்கக்கூடாது என்பதற்காக, அடுத்த ஆண்டு கோட்டைப்பட்டினம் போனேன். 1951-ல் அது தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்த ஊர். நான் போனபோதும் அப்படித்தான். படகுத்துறை டீக்கடையில் விசாரித்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், தட்டுக் கிறுக்குப் பிடித்த ஒருவர் இருந்தார், மலேயாவுக்குப் போய்விட்டார், இன்னும் வரவில்லை என்றார். டீக்கடைக்காரர் இன்னொன்று சொன்னார்: அவர் போகும்போது, தான் புதுக்கோட்டையில் கேட்டு வைத்த தட்டைப் பற்றித் தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனார், அந்தத் தம்பிதான் பிறகு ஒருநாள் குடையோடு போய் வாங்கி வந்தார். “தம்பி எங்கே?” என்றேன். கடலுக்குப் போயிருக்கிறார், மூன்று நாள் ஆகும் என்றார்கள். எனக்கு லீவு இல்லை. பிறகு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை.

தம்பி வாங்கியது உண்மையானால் அவர் அண்ணன் சொல்லக் கேட்டிருக்கிறார். விலையைக் கேட்டதாகவும் ஆகும், கேட்கவில்லை என்றும் ஆகும். கடைக்காரர் இருந்தால் இதை எப்படித் தீர்த்திருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று குடையோடு வந்தவர் யார் என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை. உறையில் கோடு இல்லை. தட்டு என்னிடம் இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் எட்டணா.